தறி நின்றால் விழிக்கும் குழந்தை

வீட்டுக்கு யார் வந்தாலும் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்ட விஷயம் ஒன்று இருந்தது. என் மகள் தறிச் சத்தத்தில்தான் தூங்குவாள், தறி நின்றால் விழித்துக்கொள்வாள். சொல்லிவிட்டு வந்தவர்களின் முகத்தைப் பார்ப்பேன். வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். பள்ளிபாளையத்துக்காரர்கள் மட்டும் தலையை ஆட்டிவிட்டுக் காப்பியைக் குடிப்பார்கள். அவர்கள் வீட்டுக் குழந்தைகளும் அப்படி வளர்ந்தவைதான்.

எங்கள் வீட்டுக்கும் தறிப்பட்டறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். எட்டு விசைத்தறி, இரண்டு ஷிப்டு. நான் நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வீட்டில் பிறந்தவள். கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு, பாதியில் கல்யாணமாகி வந்தவள். வந்த முதல் மாதம் தலைவலியைத் தவிர வேறு எதுவும் நினைவில்லை. இரண்டாவது மாதம் மற்றவர்களைப் போல வாயைப் பார்த்துப் பேசப் பழகிவிட்டேன். பட்டறைக்குள் யார் குரலும் யாருக்கும் எட்டாது. இழை அறுந்தால் இரண்டு விரலைக் காட்டுவோம், டீ வந்தால் கட்டைவிரலைக் காட்டுவோம், மற்றதெல்லாம் உதட்டசைவுதான். தூரத்தில் இருப்பவரைக் கூப்பிட வேண்டுமென்றால் நூல் தீர்ந்த தார்க்குச்சியை எடுத்து அவர் முதுகில் எறிவோம். திரும்பிப் பார்ப்பார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

மகள் பிறந்து மூன்றாம் மாதம் நான் மறுபடியும் தறிக்குப் போனேன். நான்காம் தறிக்கும் ஐந்தாம் தறிக்கும் நடுவில் மேலே இருந்த கொக்கியில் என் பழைய சேலையைக் கட்டித் தொட்டிலாக்கினேன். அவள் அதில் அசையாமல் தூங்கினாள். கரண்ட் போய் எட்டுத் தறியும் ஒன்றாக நின்றால் அந்த நிமிடமே கண்ணைத் திறந்து அழுவாள். தறி ஓடத் தொடங்கினால் தூங்கிவிடுவாள். இப்படி ஒரு சமத்துக் குழந்தையைப் பெற்றதற்கு நான் எவ்வளவு கர்வப்பட்டேன் என்று இப்போது நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

பேச்சு தாமதமாகத்தான் வந்தது. பட்டறை வீட்டுப் பிள்ளைகள் மெதுவாகத்தான் பேசும் என்று எல்லாரும் சொன்னார்கள். பேச்சு வந்தபோது அதில் ‘ச’ இல்லை. சோறு என்றால் ‘ஓறு’, சாமி என்றால் ‘ஆமி’. அவள் சொன்னதை இங்கே ‘ச’ சேர்த்துத்தான் எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்கு அதைக் கேட்டால் அப்படி ஒரு சந்தோஷம். வந்தவர்கள் எதிரில் அவளை நிறுத்தி, சோறு சொல்லு, சாமி சொல்லு என்று சொல்லவைத்துச் சிரிப்பார். நானும் சிரித்தேன். டிவியை அவள் முழுச் சத்தத்தில் வைத்துப் பார்ப்பாள். எங்கள் வீதியில் எல்லா வீட்டிலும் டிவி முழுச் சத்தத்தில்தான் ஓடும், இல்லையென்றால் தறியை மீறிக் கேட்காது.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை போய்விடும். கூப்பிட்டால் வராத பிள்ளை இவள். ஒரு தடவை கூப்பிடுவேன், இரண்டு தடவை கூப்பிடுவேன், மூன்றாவது தடவைக்கு நேரே போய் உச்சந்தலையில் ஒரு கொட்டு வைப்பேன். ‘காது என்ன செவிடா?’ என்று கேட்பேன். ஆறு வருடம் தினமும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். ஒரு நாளும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

ஒன்றாம் வகுப்பு முடிந்தபோது டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பிள்ளைக்குக் கவனமே இல்லை, கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது எழுத்து முத்து முத்தாக இருக்கிறது, சொல்வதை எழுதச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்க்கிறாள் என்றார். நாலு இடம் கூட்டிப்போய்க் காட்டுங்கள், அப்போதுதான் புத்தி விரியும் என்றார். வீட்டுக்கு வந்து பக்கத்து நோட்டைப் பார்த்ததற்காக நான் அவளை அடித்தேன். அந்த அடியும் கணக்கில் இருக்கிறது.

நாலு இடம் காட்டுவது என்றால் தறிக்காரர்களுக்கு நாள் ஏது? மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்கள். அன்றுதான் எங்களுக்கு விடுமுறை. அந்த மே மாதம் அது சனிக்கிழமையில் வந்தது. என் வீட்டுக்காரர் அந்த நாளில் சாயங்காலம் வரை தூங்குகிற ஆள். சேலத்தில் ஓர் அறிவியல் கண்காட்சிக் கூடம் இருக்கிறது, அங்கே எல்லாவற்றையும் பிள்ளைகள் தொட்டே பார்க்கலாம், லீவு நாளில் அப்பா அம்மா பிள்ளை மூன்று பேரும் சேர்ந்து செய்கிற பயிற்சியெல்லாம் வைக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார்கள். பிள்ளை மண்டையில் ஏதாவது ஏறட்டும் என்று அவரை எழுப்பிக் கிளப்பினேன். அவர் முனகிக்கொண்டே சட்டை போட்டார்.

பஸ்ஸில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். லாரியைக் காட்டினாள், சங்ககிரி மலையைக் காட்டினாள், ரோட்டோரம் நின்ற எருமையைக் காட்டினாள். எதையும் விடவில்லை. கண் அவ்வளவு வேகம்.

கூடத்து வாசலில் நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண் எங்களுக்கு ஓர் அட்டை கொடுத்தாள். கல்லூரி முடித்து ஒன்றிரண்டு வருடம்தான் ஆகியிருக்கும். அட்டையில் ஐந்து பயிற்சிகள் இருந்தன. குடும்பமாகச் செய்து முடித்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்திரை. ஐந்து முத்திரையும் வாங்கிவிட்டால் வண்ணக்கண்ணாடி உருளை ஒன்றைச் செய்து கையோடு எடுத்துப்போகலாம். மேசை மேல் மாதிரிக்கு ஒன்று இருந்தது. என் மகள் அதைக் கண்ணில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைக்க மனமில்லாமல் வைத்தாள்.

முதல் பயிற்சி, மேலிருந்து விழுகிற அளவுகோலை இரண்டு விரலால் பிடிப்பது. அவள் அப்பா மூன்று தடவை தவறவிட்டார். நான் கடைசி நுனியில் பிடித்தேன். மகள் அது விழத் தொடங்கியதுமே பிடித்துவிட்டாள். நீலக் கோட்டுப் பெண் சிரித்து, பாப்பா கண்ணு ரொம்ப ஷார்ப்புங்க என்றாள். இரண்டாவது, கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நட்சத்திரம் வரைவது. அதிலும் அவள்தான் முதல். மூன்றாவது, சைக்கிளை மிதித்து விளக்கு எரியவைப்பது. அதை அவர் மிதித்தார், வேர்த்து ஊற்றியது, விளக்கு எரிந்தது. எனக்கு நெஞ்சு விம்மியது. டீச்சருக்கு என்ன தெரியும் என்று மனதுக்குள் கருவிக்கொண்டேன். அந்த அரை மணி நேரம்தான் அன்றைக்கு நல்ல நேரம்.

நான்காவது பயிற்சி வெளியே தோட்டத்தில். ஆளுயரத்துக்கு மேல் இரண்டு பெரிய கிண்ணங்கள், ஒன்றை ஒன்று பார்த்தபடி, நடுவில் நாற்பது அடி தூரம். ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் இரும்பு வளையம். ஒருவர் இந்த வளையத்தில் வாயை வைத்து ரகசியம் போலப் பேசினால், அந்தக் கோடியில் வளையத்தில் காது வைத்திருப்பவருக்குப் பக்கத்தில் பேசுவது போலக் கேட்கும். கேட்டதை உரக்கத் திருப்பிச் சொன்னால் முத்திரை. இரண்டு பேரும் கிண்ணத்தைப் பார்த்து நிற்க வேண்டும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது, முதுகுதான் தெரியும்.

எங்களுக்கு முன்னால் போன குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டும் கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டே ஓடி வந்தன. அடுத்து நாங்கள். மகளை எதிர்க் கிண்ணத்தின் படியில் ஏற்றி நிறுத்திவிட்டு அவள் அப்பா நடுவில் நின்றார். நான் வளையத்தில் வாயை வைத்து, கொஞ்சலாக, சாமி, உனக்கு என்ன வேணும் என்று கேட்டேன். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் வளையத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். காதை வை என்று அவர் போய்த் தலையைத் திருப்பி வைத்தார். மறுபடியும் கேட்டேன். ஐஸ்கிரீம் வேண்டுமா என்று கேட்டேன். ஐஸ்கிரீம் என்றால் உயிரை விடுகிற பிள்ளை. அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் முகத்தை மெல்லத் திருப்பி மறுபடியும் வளையத்துக்குள் பார்த்தாள். அந்த வெறும் கிண்ணத்தில் அவள் ஒரு வாயைத் தேடிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அப்போது எனக்குப் புரிந்தது வரிசையில் நிற்கிறவர்கள் பார்க்கிறார்கள் என்பது மட்டும்தான். புள்ள பயந்துக்குச்சாட்ட இருக்குது என்று ஓர் அம்மா சொன்னார். அவர் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்கு மானம் போயிற்று. அந்த நாற்பது அடியையும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன். காலடியில் ஜல்லி நறநறத்தது. பக்கத்தில் போகும் வரை அவள் திரும்பவில்லை. எப்போதும் போல உச்சந்தலையில் ஒரு கொட்டு வைத்தேன்.

அவள் துள்ளித் திரும்பினாள்.

“காது செவிடாடி உனக்கு? எத்தன தடவ கூப்புடறது?”

அவள் என் வாயைப் பார்த்தாள். “கேக்குதும்மா” என்றாள்.

நீலக் கோட்டுப் பெண் நான் கொட்டியதைப் பார்த்துவிட்டாள். மகள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எந்த ஊர்லேருந்து வந்தீங்க பாப்பா என்று கேட்டாள். மகள் பள்ளிபாளையம் என்றாள். எப்படி வந்தீங்க? பஸ்ஸில். காலையில் என்ன சாப்பிட்டீங்க? இட்டிலி. எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று பதில். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்து, பாருங்க, எல்லாம் கொழுப்பு என்றேன்.

அந்தப் பெண் எங்கள் அட்டையைக் கையில் வாங்கி, அதைத் தன் வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு, அதே குரலில் மறுபடியும் கேட்டாள். எந்த ஊர் பாப்பா?

மகளின் கண் அட்டையின் ஓரத்துக்குப் போனது. அந்தப் பக்கம் தெரியவில்லை என்று இந்தப் பக்கம் வந்தது. தலையைச் சாய்த்து அட்டைக்குப் பின்னால் எட்டிப் பார்க்க முயன்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். வகுப்பில் பக்கத்துப் பிள்ளையின் நோட்டை எப்படிப் பார்த்திருப்பாள் என்று எனக்கு அந்தப் பார்வையில் தெரிந்தது.

அவருக்கு இன்னும் புரியவில்லை. விளையாடறாங்க, ஊட்டுலயும் இப்பிடித்தான் என்றார். ஐந்தாவது பயிற்சி உள்ளே இருக்கிறது, அதையும் செய்துவிடலாம் என்று அந்தப் பெண் கூட்டிப்போனாள். அங்கே ஒரு பெட்டி, அதில் ஒரு குமிழ், இரண்டு காதிலும் மாட்டிக்கொள்ள ஒரு ஹெட்போன். குமிழைத் திருப்பத் திருப்ப ஒலி கீச்சென்று மேலே மேலே போகும். கேட்கிற வரை கையைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும். அவர் முதலில் மாட்டிக்கொண்டார். பாதிக்கு முன்பே கையை இறக்கிவிட்டார். தறிக்காரன் காது வேறெப்படி இருக்கும் என்று சிரித்தார். நானும் அவரைவிட ஒன்றும் அதிக தூரம் போகவில்லை.

மகளுக்கு மாட்டினார்கள். நீலக் கோட்டுப் பெண் குமிழில் கை வைத்ததும் அவள் கையைத் தூக்கினாள். கை எடுத்ததும் இறக்கினாள். அந்தப் பெண் மறுபடியும் வைத்தாள், மகள் மறுபடியும் தூக்கினாள்.

“பாத்தியா புள்ள, நல்லாத்தான் கேக்குது” என்றார் என் வீட்டுக்காரர் என்னிடம்.

அந்தப் பெண் பெட்டியின் பின்பக்க சுவிட்சை எங்கள் இருவருக்கும் தெரியும்படி அணைத்தாள். சிவப்பு விளக்கு நின்றது. பிறகு குமிழில் கை வைத்தாள். என் மகள் கையை உயரத் தூக்கிக்கொண்டு, சரியாகச் செய்தேனா என்று எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு அந்த ஐந்தாவது முத்திரை வேண்டும்.

அந்தப் பெண் முத்திரை குத்தினாள். நான்காவதற்கும் குத்தினாள். உருளை செய்கிற மேசைக்கு அவளை அனுப்பிவிட்டு எங்களிடம் வந்து, நான் டாக்டர் இல்லைங்க, தப்பா எடுத்துக்காதீங்க, இந்த வாரமே காது டாக்டர்கிட்ட காட்டிடுங்க என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அவள் மேல் ஆத்திரம் வந்தது. எனக்கு வராத கண்ணீர் இவளுக்கு எதற்கு என்று தோன்றியது.

பஸ் ஸ்டாண்டில் அவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். டிக்கெட் கிழிக்கிறவளுக்கு என்ன தெரியும் என்றார். பஸ் கிளம்பியதும் மகளின் தலைக்குப் பின்னால் விரலைச் சொடுக்கினார். அவள் உருளைக்குள் வண்ணம் பார்த்துக்கொண்டிருந்தாள். கையைத் தட்டினார். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பினார்கள், அவள் திரும்பவில்லை. கண்ணு, கண்ணு என்று கூப்பிட்டார், குரல் உயர்ந்துகொண்டே போனது. கண்டக்டர் வந்து என்னவென்று கேட்டார். சங்ககிரி தாண்டியபோது நிறுத்திவிட்டு ஜன்னல் கம்பியில் தலையை வைத்துக்கொண்டார். மகள் உருளையை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, நல்லாயிருக்குது சாமி என்று வாயை அகலமாக அசைத்துச் சொன்னார்.

ஈரோட்டில் ஒரு காது மருத்துவரிடம் காட்டினோம். சத்தமே இல்லாத ஒரு சின்ன அறையில் அவளை உட்காரவைத்து ஒன்றரை மணி நேரம் சோதித்தார்கள். இரண்டு காதும். கேட்கும் திறனில் மீந்திருப்பது கொஞ்சம்தான். உதட்டைப் பார்த்தே பிள்ளை சமாளித்திருக்கிறாள், மிகவும் புத்திசாலி என்றார். எப்போதிலிருந்து சந்தேகம் என்று கேட்டார். நான் தொட்டில் கதையைச் சொன்னேன். தறி ஓடினால் தூங்குவாள், நின்றால் விழிப்பாள். முதல் தடவையாக, அந்தக் கதையைக் கேட்ட வெளியூர்க்காரர் ஒருவர் வாயைப் பிளக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, சத்தத்துக்கு இல்லை, கட்டடம் அதிர்வது நின்றதால் விழித்திருப்பாள் என்றார்.

பிறவியிலேயே இப்படியா, தறிச் சத்தத்தினாலா என்று கேட்டேன். இப்போது சொல்ல முடியாது என்றார். வெளியே வந்தவள் திரும்பவும் உள்ளே போய் அதையே கேட்டேன். பிறவி என்று சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது எனக்கு. அவர் அதே பதிலைச் சொன்னார். முதல் வயதில் பார்த்திருந்தால் பேச்சு இவ்வளவு கெட்டிருக்காது, அது மட்டும் உறுதி என்றார். பிறவியானாலும் அந்த ஆறு வருடம் நான் செய்ததுதான். அதற்கு எந்த மருத்துவரும் எனக்கு வேறு பதில் சொல்ல முடியாது.

இப்போது அவள் நான்காம் வகுப்பு. வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்கு ஈரோடு போய் வருகிறோம். ‘ச’ இன்னும் முழுதாக வரவில்லை. யாரும் அதைக் கேட்டுச் சிரிப்பதில்லை. பட்டறைக்குள் அவள் காலை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறோம். அடுத்த வீதியில் பிள்ளை பெற்ற ஒருத்தி தறிக்கு நடுவில் தொட்டில் கட்டினாள் என்று கேள்விப்பட்டு, நான் போய் என் கையாலேயே அதை அவிழ்த்தேன். அவள் என்னைப் பைத்தியம் என்று ஊரெல்லாம் சொன்னாள். சொல்லட்டும்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது, அந்த வருடமே அவளுக்குக் காதுக் கருவி வந்த நாளைப் பற்றி. இரண்டு காதுக்கும் மாட்டிக்கொண்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தோம். வாசல்படி ஏறியதும் அவள் காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். அவர் பட்டறைக்குள் ஓடி எட்டுத் தறியையும் நிறுத்தினார். பகல் ஷிப்டில் கரண்ட் இருக்கும்போதே அவர் தறியை நிறுத்தி நான் அன்றுதான் பார்த்தேன். வேலைக்காரர்கள் வெளியே போய் நின்றார்கள்.

கொஞ்ச நேரத்தில் அவள் சமாதானமாகிப் பின்கட்டில் போய் உட்கார்ந்தாள். குழாயைத் திறந்தாள், மூடினாள். சொம்பைத் தட்டிப் பார்த்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் சமையலறை வாசலில் நின்று சாதாரணக் குரலில் ஒரே ஒரு தடவை கூப்பிட்டேன்.

“சாமி.”

திரும்பினாள். ஆறு வருடத்தில் என் குரலுக்கு முதல் தடவையாகத் திரும்பினாள். திரும்பும்போதே இரண்டு கையும் மேலே போய் உச்சந்தலையை மூடிக்கொண்டன.

நான் ஓடிப்போய் அவள் முன்னால் உட்கார்ந்தேன். அடிக்க வரல சாமி, அம்மா சும்மாதான் கூப்புட்டேன் என்றேன். அவள் கையை இறக்கவில்லை. எதையோ யோசித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

“அம்மா, அடிக்கறதுக்கு முன்னால நீ எப்பவும் கூப்புடுவியா?”

“ஆமாஞ்சாமி. கூப்புடுவேன்.”

அவள் கை மெல்ல இறங்கியது. அவளுக்கு ஏதோ ஒன்று விளங்கிவிட்டது. முகத்தில் கோபமோ வருத்தமோ எதுவும் இல்லை.

“எனக்குத் தெரியாதும்மா” என்றாள். “நீ சும்மா சும்மா அடிப்பேன்னு நெனச்சேன்.”